உத்திராபதி அய்யாவின் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

மேடையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் நகர் நலச் சங்கத் தலைவர் ஸ்ரீதர் அவர்களே, கடலூரிலிருந்து வந்திருக்கும் தீயணைப்புத் துறைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அய்யாவின் துணைவியார் திலகவதி அம்மா அவர்களே, மகள் சினேகா அவர்களே, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் சிதம்பரத்துப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கண்ணாயிரம். தீயணைப்பு வண்டி ஓட்டியவன். நிலைய அலுவலர் உத்திராபதி அய்யா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, இந்த மாவட்டத்தின் பாதிச் சாலைகளில் மணியடித்துக்கொண்டு போனவன். இன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்து நிற்கிறேன். என்ன பேசுவேன்? எங்கே தொடங்குவேன்?

காடாம்புலியூரில் தொடங்குகிறேன். தானே புயல் அடித்து ஓய்ந்த காலை. முந்திரி மரங்களும் பலா மரங்களும் சாலையை மறித்துக் கிடந்தன. அறுத்து அறுத்து வழி செய்துகொண்டு போனோம். சுவர் இடிந்த ஒரு வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கி மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்கு நினைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. மருத்துவர், அடிபட்டவரின் மனைவி குப்புவிடம் கேட்டார்: என்ன மருந்து சாப்பிடுகிறார்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னார்.

“எல்லாம் அவருக்குத்தாங்க தெரியும்.”

கணவர் கண் திறக்கவே இல்லை. அந்த அம்மா கேள்விகளுக்கு நடுவே திகைத்து நிற்கும்போதே அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. பட்டா எங்கே? எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்த வங்கியில் கணக்கு? எல்லாம் அவருக்குத்தான் தெரியும். இன்சூரன்ஸ் உண்டா, வாரிசாக யார் பெயர்? எல்லாம் அவருக்குத்தான் தெரியும்!

தீயை அணைத்தால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிற மனிதரா உத்திராபதி அய்யா? விடுமுறை நாளெல்லாம் அந்த அம்மாவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அப்படி ஒரு நாள் பண்ருட்டி பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: “ஏன் கண்ணாயிரம், புயலுக்கு ஒத்திகை பாக்குறோம், வெள்ளத்துக்குப் பாக்குறோம். வூட்டு மனுசன் திடீர்னு வுழுந்துட்டா என்னா பண்றதுன்னு ஒருத்தரும் பாக்குறது இல்லியே!”

ஓய்வு பெற்று சிதம்பரத்தில் குடியேறியதும் அதைத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டில் அவர் இருப்பார். வீட்டை நடத்துகிறவர் கட்டிலில் படுக்க வேண்டும். பேசக் கூடாது. அய்யா நாற்காலி போட்டு மருத்துவராக, வங்கி மேலாளராகக் கேள்வி கேட்பார். மற்றவர்கள் பதில் தேட வேண்டும். அவ்வளவுதான் ஒத்திகை!

எல்லோரும் வரவேற்றார்களா? நம் தெரு மணவாளன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? “நல்லாக் குந்திகினு இருக்கறவன பொணமாட்டம் படுன்றியே, இது நியாயமா?” என்றார்.

“பொணம் இல்ல மாமா, மயக்கம். சும்மா படுங்க” என்றார் அய்யா.

படுத்தார். அவர் மனைவி ராசம்மாள் அம்மாவால் மாமாவின் போனைத் திறக்க முடியவில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு எங்கெங்கோ துழாவினார். மாமா பொறுக்க மாட்டாமல் எழுந்து, “பீரோ மேல் தட்டுல, வேட்டிக்கு அடியில!” என்று கத்தினார்.

“படுங்க மாமா. மயக்கத்துல இருக்கறவரு எப்பிடிச் சொல்லுவாரு?”

எல்லோரும் சிரித்தோம். ராசம்மாள் அம்மா சிரிக்கவில்லை. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நெஜமாவே இவரு இப்பிடிப் பேசாம கெடந்தா நான் என்னா செய்வேன்?” என்றார். மாமா எழுந்து வந்தார். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். உடனே அய்யா வாசலுக்குப் போய்விட்டார். எந்த வீட்டிலும் அப்படித்தான். யாருடைய கணக்கையும் ரகசிய எண்ணையும் அவர் காதில் வாங்கியதே இல்லை. “எனக்கு எதுக்கு? உங்க வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க, வெளியூர்ல இருக்கற புள்ளைகிட்ட சொல்லுங்க” என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே ராசம்மாள் அம்மா சொன்னார். மாத்திரை அட்டையையும் நீட்டினார். இதோ, அந்த மணவாளன் மாமா நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்! அவரை நமக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் இல்லையே!

பெருமக்களே, சென்ற மாதம் அய்யாவுக்கே நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் சினேகா எடுத்துக் கொடுத்தார். எதற்கும் யாரும் திகைத்து நிற்கவில்லை. ஆனாலும் பொழுது சாயும் முன் அய்யா போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “இத்தனை ஒத்திகை பார்த்தும் பிழைக்கவில்லையே” என்றார். திலகவதி அம்மாதான் அதற்குப் பதில் சொன்னார்:

“கடைசி வரைக்கும் நான் அவரு கையப் புடிச்சிகினு இருந்தேன்ணே. ஒரு பேப்பருக்கும் எழுந்திரிச்சிப் போகல. வூட்டுத் தண்ணி மோட்டார நிறுத்துனியான்னு கேட்டாரு. நிறுத்திட்டேன்னு சொன்னேன். சரின்னாரு.”

அந்தக் கடைசி நேரம் குப்பு அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. திலகவதி அம்மாவுக்குக் கிடைத்தது. அய்யாவின் உழைப்பெல்லாம் இதற்காகத்தானே!

அய்யாவின் வேலை நிற்காது. சிதம்பரத்தில் நிற்காது, கடலூரிலும் தொடங்குவோம், நெல்லிக்குப்பத்திலும் திட்டக்குடியிலும் தொடங்குவோம் என்று அவர் படத்தின் முன் உறுதி ஏற்கிறோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்க யார் இருக்கிறார் என்று கலங்கி நின்றோம். நேற்று திலகவதி அம்மா கேட்டார்: “வர்ற ஞாயித்துக்கெழம யார் வூட்லண்ணே? நான் வரேன்.”

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். உத்திராபதி அய்யாவுக்காகச் சற்று நேரம் பேசாமல் இருப்போம். பிறகு வீட்டுக்குப் போங்கள். போய், உங்கள் மனைவியை, கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.