எந்த ஆழத்தில் நிறுத்துவது

எதையும் அதிக நேரம் கொதிக்க விடக்கூடாது என்பது என் கொள்கை. டீயும் அப்படித்தான், ஆராய்ச்சியும் அப்படித்தான். விழுப்புரத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது புரியும்.

செஞ்சி சதுரங்கக் கழகத்தின் தலைவர், செயலாளர், ஆட்ட நேர்மைக் குழு எல்லாமே நான்தான். மற்றவர்களுக்கு நேரமில்லை.

சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஆடும் ஜெயசுதா, மாவட்ட அணிக்கான தேர்வில் என்னோடு மோதினாள். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்குக் கல்லூரி சீட்டு உறுதி. நான் என் ராணியை அவளுடைய குதிரை வெட்டும் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். நீண்டகாலத் திட்டம். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சார், யோசிச்சுதான் வச்சீங்களா? கை தெரியாம பட்டுட்டிருந்தா எடுத்துக்குங்க சார், பரவால்ல."

மரியாதையாகத்தான் சொன்னாள். சிரித்தது பக்கத்து மேசைக்காரர்கள். நான் ராணியை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடியிருப்பாளோ என்று பொதுநலம் கருதி ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அவள் ஆட்டங்களை லேப்டாப்பில் செஸ் என்ஜின் என்ற மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன்.

என்ஜின் ஒரே பேச்சில் நிற்காது. எடுத்த எடுப்பில் குதிரையை நகர்த்து என்னும். இன்னும் கொஞ்சம் ஆழமாக யோசித்துவிட்டு, வேண்டாம், சிப்பாய் என்னும். விட்டுவைத்தால் யானைக்குத் தாவும். எங்கே நிறுத்துவது என்பது நம்முடைய விவேகம். அவள் ஆடிய நகர்வு திரையில் முதலிடத்துக்கு வந்த கணத்தில் நான் நிறுத்தினேன். சில நகர்வுகளுக்கு உடனே. சிலவற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து. கடைசியில் அவள் ஆடியது அத்தனையும் என்ஜின் சொன்னதோடு பொருந்திவிட்டது. மாவட்டத்துக்கு நான் அனுப்பிய அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. ராஜகிரிக் கோட்டை ஏறுகிறவர் பாதிப் படியில் நின்று பார்த்தாலும் தெரிவது செஞ்சிதானே.

மாவட்டத்தில் அவள் பெயரை நீக்கினார்கள். சீட்டும் போயிற்று. அவள் அப்பா ராஜாங்கம் வந்து வாசலிலேயே நின்றார்.

"சார், அதுகிட்ட இருக்குறது பட்டன் போனு. அதுலயும் சார்ஜ் நிக்காது. இன்னா சார் பாத்து ஆடியிருக்கப் போவுது?"

"சயின்ஸ் சொல்லுது ராஜாங்கம், நான் சொல்லல."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சயின்ஸைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜெயசுதா இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாளாம். கட்டம் போட்ட புடவைகளும் அங்கே இருக்கும்.

ஆமாம், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒவ்வோர் ஆழம் வைத்தது நான்தான், தெரிந்தேதான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நேர்மை எல்லோருக்கும் பொது. என் ராணி நகர்வையும் அதே என்ஜினிடம்தான் கொடுத்திருக்கிறேன். தோற்ற அன்றிலிருந்து லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுவரை 'படுமோசமான தவறு' என்றே காட்டுகிறது.

"இன்னாங்க இது, தோசக்கல்லு மாதிரி காயுது. நிறுத்தித் தொலைங்க" என்கிறாள் என் மனைவி.

அவசரப்பட்டு நிறுத்தினால் தவறான முடிவு வந்துவிடும். பாவம், அது இன்னும் என் ஆழத்துக்கு வந்து சேரவில்லை.