ஃபோனில் பதிந்த துடிப்பு

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பிரசவ விடுதித் தாதியர் இருவர். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பை மெசினில் பார்க்கும் பயிற்சிக்குப் போய்த் திரும்புகிறார்கள். மாங்குளம் வரை, அங்கே தந்த சோற்றில் மீன் துண்டு சிறிது என்பதுதான் கதை. பிறகு மூத்தவர் சொன்னார்:

“அண்டைக்கு நான் கேட்டது பிள்ளையின்ர துடிப்பில்லை. தாயின்ர.”

“எண்டைக்கு, அக்கா?”

“நாயாற்றில இருந்து வந்தவா. பிள்ளை செத்துப் பிறந்ததெல்லே. மெசின் கடைசிமட்டும் நல்லாத்தான் காட்டினது. தாய்க்கு நாடி வேகமா ஓடினா, அதையே பிள்ளையின்ர எண்டு காட்டுமாம். ஒருக்கா அவாவின்ர கையைப் பிடிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப உங்களுக்குத் தெரியாதுதானே.”

“நான் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ‘உங்கட பிள்ளை, கேளுங்கோ’ எண்டனான். அவா ஃபோனில பதிஞ்சவா. இப்பவும் அதைப் போட்டுக் கேக்கிறாவாம்.”

ஒட்டுசுட்டானில் நாலைந்து பேர் இறங்கினார்கள்.

“அவா திரும்பப் பிள்ளைத்தாச்சி. அடுத்த மாதம் எங்களிட்டத்தான் வருவா,” என்றார் மூத்தவர். “இந்தமுறை முதல்ல கையைப் பிடிச்சு நாடி பாத்துப்போட்டுத்தான் வயித்தில மெசின் பெல்ட்டைக் கட்டுவன்.”

“போனமுறை ஏன் பிடிக்கேல்லை எண்டு அவா கேட்டா என்ன சொல்லுவியள்?”

மூத்தவர் பயிற்சியில் தந்த பையை மடியில் திருப்பி வைத்தார்.