மணப்பெண் அறை

இரவு பதினொன்றரை. டப்பா தொழிற்சாலைக்கு வருகிற சோளக்காட்டு ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி. விளக்கு இல்லை. கண்ணாடி முழுக்கப் பனி. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. பக்கத்து இருக்கையில் மட்டும் ஏதோ உட்கார்ந்திருக்கிறது... பெல்ட் போட்டுக்கொண்டு.

அது என்ன என்று பிறகு சொல்கிறேன். பீப்பாய் நெருப்பில் இன்னும் இரண்டு கட்டை போடுங்கள். முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே கேளுங்கள்.

"பெருசு, வெளிய நின்னு வண்டிக்கு டார்ச் அடிக்கிறவரு நீரு. உள்ள நடக்கிறது உமக்கு என்னய்யா தெரியும்?" என்கிறான் இந்த டெரல். உள்ளே போனவர்கள் வெளியே வந்து என்னிடம்தானே பேசுகிறார்கள்.

அந்த வண்டி ஆரினுடையது. என் சிநேகிதன் லாயிடின் மச்சான். லாயிடும் நானும் இங்கே தக்காளி டப்பா அடைத்தவர்கள். தொழிற்சாலையை மூடினார்கள். கெம்மரர் வாங்கி, அக்டோபர் தோறும் டிக்கெட் போட்டு ஆளைப் பயமுறுத்துகிற பேய் வீடாக்கினான். ஊரில் வீட்டுக்கு வீடு சும்மா கிடைக்கிற பயம் போதாதென்று ஹாலோவீனுக்குக் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். எனக்கு இந்த வேடிக்கை என்றைக்கும் பிடித்ததில்லை. வேறே வேலை இல்லை, நிற்கிறேன்.

உள்ளே எல்லாரும் 'காப்பாத்துங்க' என்றுதான் கத்துகிறீர்கள். அதனால் இங்கே அந்தச் சொல்லுக்கு மதிப்பு கிடையாது. நிஜமாகவே ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கத்துவதற்கு வேறொரு சொல் உண்டு. உங்களுக்கு இந்த வருஷம் கொடுத்திருக்கிறது 'ஏணி'. முன்பு அது 'பான்கேக்'. காலையில் தின்கிற அதே பான்கேக்தான். பேய் வீட்டில் எந்தப் பேயும் சொல்லாத சொல் என்று பொறுக்கினார்கள். காதில் விழுந்தால் வேஷத்தை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும், விளக்கைப் போட வேண்டும். சொல்லை ஏன் மாற்றினோம் என்று கெம்மரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஆரினின் மனைவி வெல்மா, லாயிடின் தங்கை, மணப்பெண் அறையில் இருந்தாள். கறை படிந்த கல்யாண கவுன், நாற்காலியில் ரப்பர் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். அடுத்த அறையில் ஆரின். பல்லுச் சங்கிலி கழற்றிய, மரம் அறுக்கிற பெட்ரோல் ரம்பத்தை ஓட விட்டுக்கொண்டு கூட்டத்தை விரட்டுவான். வெட்டாது. சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். பெட்ரோல் நாற்றம், புகை எந்திரத்தின் கருகின சர்க்கரை வாசனை... உங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஒரு சனிக்கிழமை. வரிசை ரோடு வரை. வெல்மா அலறுவது கேட் வரைக்கும் கேட்டது. ரம்பச் சத்தத்துக்கு நடுவே அந்த அலறல் மட்டும் ஆரினுக்கும் கேட்டிருக்கிறது. இன்றைக்கு என் பெண்டாட்டி வெளுத்து வாங்குகிறாள் என்று பெருமைப்பட்டிருக்கிறான். கடை மூடி விளக்கைப் போட்டபோது அவள் தலை தொங்கிக் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கை தட்டியிருக்கிறார்கள்.

மாரடைப்பு, நொடியில் போயிருக்கும், யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். நான் டாக்டர்களை நம்புகிறவன் இல்லை. ஆரின் நம்பினான். 'அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருக்கவில்லை' என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் நடமாடினான்.

அடுத்த அக்டோபர். கெம்மரர் அந்த நாற்காலியில் பொம்மையை உட்கார வைத்தான். அடியில் ஒரு ஸ்பீக்கர். போன வருஷம் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எவனோ போனில் படம் பிடித்திருக்கிறான். அதிலிருந்து வெல்மாவின் குரலை எடுத்து ஓட விட்டான். கூட்டம் வருமுன் சத்தம் சரிபார்த்தார்கள். ரம்பம் ஓடவில்லை. ஆரின் நின்று கேட்டான்.

முதலில் அலறல். சிரிப்பு. பிறகு மூச்சுக்கு நடுவே, சின்னதாக... "ஆரின்... பான்கேக்... பான்கேக், ஆரின்..."

அதே பதிவில், அன்றைய கூட்டத்தில் ஒருவன், "எனக்கும் ரெண்டு சொல்லும்மா!" மறுபடி சிரிப்பு.

ஆரின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். கெம்மரர் அவன் தோளில் கை போட்டுச் சொன்னது: "வரிசை எதுவரைக்கும் நிக்குதுன்னு பார்த்தியா? இது நாம வெல்மாவுக்குச் செய்ற மரியாதைப்பா."

அந்த மாதம் முழுக்க ஆரின் ரம்பத்தை அணைக்கவே இல்லை. அணைத்தால் கேட்குமே.

ஹாலோவீன் அன்று சீக்கிரமே வந்தான். வண்டியை ரோட்டில் சற்றுத் தூரத்தில் நிறுத்தினான். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினான். அன்றிரவு வெல்மாவின் குரல் என்றைக்கும் இல்லாதபடி பலமாகக் கேட் வரை வந்தது. நானே கேட்டேன். வெளியே வந்தவர்கள் புதுசாக ஒன்று சொன்னார்கள். மணப்பெண் பக்கத்தில் ஒருவன் நின்று, இது நிஜம், ஆளைக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் அழுகிறானாம். பிரமாதமான நடிப்பாம்.

மூடினதும் விளக்கைப் போட்டு அறை அறையாகக் குரல் கொடுத்தார்கள். ரம்ப அறையிலிருந்து பதில் இல்லை. ரம்பம் தரையில் கிடந்தது. அதன் தொட்டியில் நிறைத்த பெட்ரோல் அப்படியே இருந்தது. ஆரின் மணப்பெண் அறையில், பொம்மையின் மடியில் தலை வைத்தபடி... உயிர் இல்லை.

நானும் லாயிடும் ரோட்டுக்கு நடந்தோம். வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்தேன். பக்கத்து இருக்கையில் அந்த ஸ்பீக்கர். கம்பி வெட்டியிருந்தது. சின்னப் பிள்ளையை உட்கார வைப்பதுபோல் பெல்ட் போட்டிருந்தான். வந்தவுடனே கழற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். பனி படிந்த பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

லாயிட் என்னைப் பார்த்தான். அப்படியென்றால் இவ்வளவு நேரம் நாம் கேட்டது... நான் டார்ச்சை அணைத்தேன்.

கெம்மரர் சொல்லை மாற்றினான். அந்த அறையைப் பலகை வைத்து அடைத்தான். ஆணி அடித்தது நான். நீங்கள் தினமும் சாய்ந்து நின்று சிகரெட் பிடிக்கிறீர்களே, அந்தக் கறுப்புப் பலகைதான். இந்த வருஷம் வந்தவர்கள் நீங்கள். அதற்குள் போன ஆள் உங்களில் யாரும் இல்லை.

டெரல் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இன்று கடைசியாக வெளியே போன வண்டி ஒரு வெளியூர்க்காரனுடையது. கண்ணாடியை இறக்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பெருசு, ஒருத்தர் மணப்பொண்ணு மடியப் பிடிச்சிக்கிட்டு பான்கேக், பான்கேக்னு அழுறாரே... யாருய்யா அவரு? நாங்க எல்லாரும் கை தட்டினோம். தட்டி முடிச்சும் அவரு நிறுத்தல."