புகையைப் பார்த்துவிட்டு எய்தவர்

மேடையில் இருக்கும் தலைவர் கனகசபாபதி ஐயா அவர்களே, ஏழாயிரம்பண்ணைப் பெரியவர்களே, வேலை விட்டு முகம்கூடக் கழுவாமல் நேராக வந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு பத்திரகாளி.

நம் வில்வித்தை வீராங்கனை சண்முகத்தாய் அக்கா மறைந்துவிட்டார். அவர் வென்ற பதக்கங்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் அவர் தோற்ற போட்டியைச் சொல்கிறேன்.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த நம் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் நாம் என்ன செய்வோம்? கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எந்த ஆலைப் பக்கம் புகை எழுகிறது என்று பார்ப்போம். அக்காவின் முதல் மாநில இறுதிப் போட்டி சென்னையில் நடந்தது. தீபாவளி நெருங்கிய நேரம். கடைசி அம்பை நாணில் பூட்டி இழுத்தபோது வெளியே யாரோ வெடி போட்டார்கள். அக்கா வில்லைத் தாழ்த்திவிட்டு வானத்தைப் பார்த்தார். அவர் அம்மா அன்று இங்கே பட்டாசு ஆலையில், வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலையில் இருந்தார். சென்னையில் நின்றுகொண்டு நம் ஊர்ப் புகையைத் தேடினார் அக்கா! நேரம் முடிந்தது. அம்பு வில்லிலேயே இருந்தது.

"ஏட்டி, நான் மருந்து அடச்ச வெடிதான் ஒன் மெடலப் பறிச்சிருக்கும்" என்று அவர் அம்மா சிரித்தாராம்.

"இனிமேல் திரும்பிப் பார்க்காதே" என்றாராம் பயிற்சியாளர்.

"அது முடியாது சார். எங்க ஊர்க்காரி பாக்காம இருக்க மாட்டா. மொத அம்புகள வெரசா எய்து, பாக்குறதுக்கு நேரம் மிச்சம் வச்சுக்கிடுதேன்."

மறு ஆண்டும் அதே மைதானம், அதே தீபாவளி நேரம், அதே சத்தம். அக்கா திரும்பினார். புகை இல்லை என்று பார்த்துக்கொண்டார். நிதானமாக வில்லை உயர்த்தி நடுவட்டத்தில் எய்தார். தங்கம்! அதன்பிறகு எத்தனை போட்டி! எதிலாவது பார்க்காமல் எய்தாரா?

ஓய்வுக்குப் பின், தலைவர் ஐயா தந்த இடத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகள் வில் பழக இலக்குப் பலகைகளை நட்டார். அங்கே இப்போது ஐயாவின் பட்டாசுக் கம்பெனிக்கு குடோன் வரப்போகிறதாம். இதுவரை பேசியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

என் அப்பா ஐயாவின் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். "அங்கன போயி எடத்தப் பத்தி வாயத் தொறந்துராத தாயி" என்றார். பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துவிட்டேன்.

ஐயா, அந்த இடத்தை எங்களுக்கே விட்டுக்கொடுங்கள். நாளைக் காலை கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிப் போகும் நேரத்தில் நாங்கள் அங்கே பயிற்சிக்கு வில்லோடு நிற்போம்.