ஞாயித்துப் பதினி

ரயிலு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துல கருக்குவிளைன்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன, நாப்பது குடிசை, ஓலை வேஞ்ச ஒரு வேதக்கோயிலு, மத்ததெல்லாம் பனை. அந்த ஊர்ல ஞானவடிவுன்னு ஒருத்தி இருந்தாளாம். எனக்கு அஞ்சு தலைமுறைக்கு முந்தினவ. புருசன் பரமானந்தம் பனையேறி. இவ மிசன் வீட்டு வெள்ளக்கார அம்மாகிட்ட எழுத்துப் படிச்சவ. ஊர்ப் பொம்பிளைகள்ல வேதம் வாசிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதானாம்.

ஒரு பங்குனியில புதுசா தித்துன்னு ஒரு உபதேசியார் வந்தாரு, சபையை நடத்த. நல்ல மனுசன், ஆனா கண்டிப்பு. வந்த மறுவாரமே சொல்லிப்புட்டாராம்: "ஓய்வுநாள்ல வேலை செய்யக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை பனையேறுனா சபைப் புஸ்தகத்துல பேர் இருக்காது."

பயந்துட்டாங்க. அந்த ஞாயிறு ஒருத்தனும் ஏறல.

பனம்பாளையை நித்தம் சீவணும். ஒருநாள் விட்டாலும் சீவுன வாய் காஞ்சுபோகும், பதினி, அதான் பதநீரு, சுரக்காது. திங்கக்கிழமை ஏறிப் பாத்தா பாளையில கட்டுன கலயத்துல பாதி வெறுங்கலயம். பதினி இல்லன்னா கருப்பட்டி இல்ல, கருப்பட்டி இல்லன்னா கஞ்சி இல்ல. இன்னும் ரெண்டு ஞாயிறு இப்படிப் போனா அந்த வருசம் ஊரே பட்டினி.

ஞானவடிவு வேதத்தை எடுத்துக்கிட்டு உபதேசியார்கிட்ட போனாளாம்.

"குழியில விழுந்த ஆட்டை ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு கர்த்தர் சொல்லியிருக்காரே, உபதேசியாரே."

"ஆட்டைத்தாம்மா சொன்னாரு. பனையைச் சொல்லல."

"பனையேறாதன்னும் சொல்லலையே. வேலைன்னுதான் இருக்கு. பனையேத்துதான் அந்த வேலைன்னு அர்த்தம் சொன்னது நீங்க."

அவரு எந்திரிக்கப் பாத்தாராம். இவ விடல.

"ஆடு மேய்க்கிறவங்ககிட்ட பேசுனாரு, ஆட்டைச் சொன்னாரு. பனையேறிகிட்ட பேசியிருந்தா எதைச் சொல்லியிருப்பாரு?"

"அதைச் சொல்ல நீ யாரு, நான் யாரு? இன்னைக்கு நீ பனைக்கு அர்த்தம் சொல்லுவ. நாளைக்கு ஒருத்தன் சாராயத்துக்குச் சொல்லுவான். எங்க நிறுத்துவ?"

அந்தக் கேள்வியோட வீட்டுக்கு வந்துட்டா. நாலு நாள் வேதத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தான்னு சொல்லுவாங்க.

அடுத்த ஞாயிறு விடிஞ்சுது. பரமானந்தம் எந்திரிக்கல. இவ அவன் பாளை அருவாளை எடுத்து இடுப்புல சொருகுனா. பொம்பிள பனையேறுற வழக்கம் அப்ப கிடையாது. ஆனா இவ அப்பனுக்கு ஆம்பிளப் பிள்ளை இல்ல, சின்னதுலயே ஏறிப் பழகுனவ. அவன் ஏறுற பதினாலு பனையும் ஏறுனா, பதினாலும் சீவுனா. இறக்குன பதினியை வீட்டுக்குக் கொண்டுபோகல. கோயிலுக்குப் போற முக்குல குடத்தை வச்சு, குடிக்க ஓலைப்பட்டை மடிச்சு, போற வார சனத்துக்கெல்லாம் ஊத்துனாளாம்.

உபதேசியார் வந்தாரு. "என்னம்மா இது?"

"எங்க நிறுத்துவன்னு கேட்டீங்களே, இங்கதான். நான் சொன்ன அர்த்தத்தால என் வீட்டு அடுப்பு எரிஞ்சா அதுல கள்ளம் இருக்கும். இன்னைக்கு இறக்குனதுல ஒரு சொட்டு எனக்கு வேண்டாம். பாளை காயாம இருந்தாப் போதும்."

அவரு குடிக்கல. கோயிலுக்குள்ள போயி புஸ்தகத்துல அவ பேரை அடிச்சாரு.

மறு ஞாயிறு பரமானந்தம் ஏறுனான். அதுக்கு மறுவாரம் ஏழெட்டுப் பேரு. அம்புட்டுக் குடமும் முக்குக்கு வந்துது. அவங்க யார் பேரையும் உபதேசியார் அடிக்கல. ஏன்னு கேட்டதுக்கு, "அவங்க ஏறுனாங்க, அவ்வளவுதான். அவதான் அர்த்தம் சொன்னவ" அப்படின்னாராம்.

அவ பேரைக் கடைசிவரைக்கும் திரும்ப எழுதல. இவளும் கேக்கல. வாரந்தவறாம வந்து கோயில் வாசப்படியில உக்காந்து பிரசங்கம் கேட்டுட்டுப் போவாளாம். அப்படியே முப்பது வருசம்.

இன்னைக்கும் கருக்குவிளையில ஞாயித்துப் பதினியை எந்த வீட்டுலயும் காய்ச்ச மாட்டாங்க. அந்த முக்குலதான் வைப்பாங்க, யார் வேணாலும் குடிக்கலாம். வடிவு முக்குன்னு பேரு. அவ செஞ்சது சரியா, உபதேசியார் சொன்னது சரியான்னு அங்க நின்னு ரெண்டு பக்கமும் பேசுவாங்க. பதினி ஊத்துன பட்டையைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க.