நூற்று நாற்பத்து மூன்று மேசைகள்

— அசையாதீங்க. பசை பிடிக்கிற நேரம். இப்ப கையை விட்டா நாலு காலும் நாலு திக்குக்குப் போயிடும்.

— அசையல. நீ போனைப் பாரு. அந்தப் பல் டாக்டர் போட்டதை இன்னொரு தடவை படி.

— எத்தனை தடவைங்க? ஸ்டூலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்கிற மனுஷன் கேக்குற கேள்வியா இது?

— படிம்மா. கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. இல்லன்னா உன்னை எதுக்குக் கெஞ்சறேன்? கிளாம்ப் இருந்தா இந்த அவதியே இல்ல.

— இருந்த கிளாம்பையெல்லாம் உங்க மரவேலைக் குழுவுல கேட்டவங்களுக்கெல்லாம் தானம் பண்ணியாச்சு. சரி, கேளுங்க. 'குழுவுக்குப் புதுசு நான். பகல்ல பல்லு, சாயங்காலம் மரம். நம்ம தராசு அண்ணன் ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட எழுத்து மேசை பிளானைப் பார்த்து, அளவு மாறாம செஞ்சேன். முன்கால் அறுபத்தொன்பது சென்டி, பின்கால் எழுபத்தொண்ணு. நிறுத்திப் பார்த்தா மேசை முன்பக்கம் சாயுது. பேனா வெச்சா மடியில வந்து விழுது. தப்பு என் மேலயா?'

— தப்பு என் மேலயான்னு கேக்கிறான் பாரு. பிளான் போட்டவன் நான்.

— நல்ல பையன். உங்க மேல சந்தேகமே வரல அவனுக்கு.

— எப்படி வரும்? கடை கடையாப் போய் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற உத்தியோகம் எனக்கு. அஞ்சு கிராம் குறைஞ்சாலும் முத்திரை போட மாட்டேன். அதனாலதானே குழுவுல எனக்குத் தராசுன்னு பேரே வெச்சாங்க.

— அந்தத் தராசு ரெண்டு சென்டி சாஞ்சு போச்சு.

— சிரி. நல்லா சிரி.

— சிரிக்கலங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. நம்ம மேசை இதோ சுவரோரமா நிக்குது. இதே அளவுதான். இது சாயலியே.

— சாயாது. நம்ம தரை சாஞ்சிருக்கே. சுவர்ப் பக்கம் இறங்கிப் போறது தெரியலியா? அதனாலதான் பின்கால் ரெண்டையும் ரெண்டு சென்டி கூட விட்டேன். ரசமட்டம் வெச்சு, குமிழி நட்ட நடுவுல வந்து நின்னப்புறம்தான் பசையே போட்டேன். அப்புறம் குழுவுல பிளான் பிளான்னு நச்சரிச்சாங்க. குனிஞ்சு காலை அளந்தேன், எழுதினேன், போட்டேன். தரையை எழுத மறந்துட்டேன்.

— ஒரு தோள் இறங்கின ஆளுக்கு அளவெடுத்து, அதே அளவுல ஊருக்கே சட்டை தைச்சுக் குடுத்த கதை.

— உன் தையல் புத்திக்குச் சட்டுனு புரியுது. என் புத்திக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

— எத்தனை பேருங்க செஞ்சிருக்காங்க?

— நூத்தி நாப்பத்தி மூணு பேர். படத்தோட போட்டவங்க மட்டும்.

— அத்தனை பேருக்கும் சாஞ்சிருக்குமே. ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கல?

— அதான் எனக்கும் மண்டை காயுது. கீழ யாராவது பதில் போட்டிருக்காங்களா?

— வந்துக்கிட்டே இருக்கு. இது கணக்கு டீச்சர். 'டாக்டர், எனக்கும் சாஞ்சுது. அறுக்கும்போது நான்தான் தூங்கிட்டேன்னு நினைச்சேன். கணக்கு டீச்சருக்கு அளக்கத் தெரியலன்னு வெளியே சொல்ல முடியுமா? முன்காலுக்குக் கீழ மரத்துண்டு சொருகி, மிதியடியைப் போட்டு மறைச்சுப் படம் எடுத்தேன்.'

— அடக் கடவுளே.

— லாரி ஓட்டுறவர் எழுதியிருக்கார். 'நான் அட்டையை மடிச்சு வெச்சேன். படத்துல தெரியக் கூடாதுன்னு பூனையைப் பிடிச்சு முன்னாடி உக்கார வெச்சேன்.'

— அந்தப் பூனையை எண்பது பேர் பாராட்டினாங்க. நானும்தான்.

— இன்னொருத்தர் பின்காலை அறுத்திருக்கார். இன்னொருத்தர் தரையையே சந்தேகப்பட்டு கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கார். ஒவ்வொருத்தரும் தப்பு தன்னுதுன்னே நினைச்சிருக்காங்க. ஆளுக்கொரு மரத்துண்டை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

— மரவேலைக்காரன் பொண்டாட்டிகிட்ட உண்மையை ஒத்துக்குவான். செஞ்சது சாயுதுன்னு மட்டும் ஒத்துக்க மாட்டான்.

— எனக்கு என்ன தோணுதுன்னா, நினைச்சுப் பார்க்க அழகா இருக்குங்க.

— எது?

— நூத்தி நாப்பத்தி மூணு அறை. எங்கெங்கயோ. இதே மாதிரி மத்தியானம், ஜன்னல் வழியா வெயில் விழுது, அதுல மரத்தூள் மிதக்குது. யாரோ எழுதறதை நிறுத்திட்டு பென்சிலைக் கீழ வைக்கிறாங்க. அது மெல்ல உருளுது. வேற ஒரு ஊர்ல ஒரு பாசிமணி. இன்னொரு வீட்டுல ஒரு குழந்தையோட கலர் குச்சி. எல்லாம் ஒரே சாய்வுல, ஒரே வேகத்துல. நம்ம வீட்டுத் தரை சத்தமில்லாம எழுந்து போய், அத்தனை மேசை மேலயும் படுத்துக்கிட்டிருக்கு. அவங்களுக்குத் தெரியாது, நம்ம வீட்டுலதான் உக்காந்து எழுதிக்கிட்டிருக்காங்கன்னு.

— நீ பாட்டுக்கு கனவு காணு. இங்க என் மானம் போகுது.

— கனவுதான். போகட்டும். நம்ம தரை ஏன் இறங்கிச்சுன்னு அன்னிக்கு ஒரு நாள் சொன்னீங்களே, கிணறுன்னு.

— ஆமா. அந்தப் பக்கத்து அறைக்கு அடியில பழைய கிணறு. மூடிட்டுத்தான் அப்பா வீடு கட்டினார். மண்ணு இறங்க இறங்க தரையும் கூடவே போச்சு. அப்ப நடுவுல சுவர் கிடையாது, இது ஒரே கூடம். நான் இங்க மேட்டுல உக்காருவேன், அண்ணன் அந்தக் கோடியில. கோலியை விட்டா போதும், தானா உருண்டு அவர் கைக்குப் போயிடும்.

— அவர் திருப்பி உருட்டுவாரா?

— மேட்டுல எப்படி ஏறும்? பாதியில நின்னுடும். அவர்தான் எடுத்துட்டு நடந்து வந்து குடுப்பார். ஒரு நாளும் சலிச்சுக்கிட்டதில்ல.

— கிணத்துக்கு இன்னும் தாகம் அடங்கல போல. எல்லாத்தையும் அந்தப் பக்கமே கூப்பிடுது.

— கூப்பிட்டு என்ன? இப்ப கோலியை விட்டா சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கும். சரி, எழுதிக்கோ. நான் சொல்றேன்.

— சொல்லுங்க.

— 'தப்பு டாக்டர் மேல இல்ல. உங்க யார் மேலயும் இல்ல. என் வீட்டுத் தரை சாய்வு. அந்தச் சாய்வுக்குச் செஞ்ச மேசையை எல்லாருக்கும் பொதுவா எழுதிப் போட்டது நான். ரெண்டு வருஷமா உங்களையெல்லாம் உங்க கையையே சந்தேகப்பட வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.' எழுதினியா?

— எழுதினேன். நல்லா இருக்கு. அனுப்பட்டா?

— இன்னும் முடியல. 'இனி பிளான் போடற தகுதி எனக்கில்ல. குழுவை விட்டு விலகிக்கிறேன்.'

— அதை எழுத மாட்டேன்.

— எழுதும்மா.

— இதை விட்டா உங்களுக்கு யாருங்க இருக்காங்க? கடைத்தெருவுல உங்களைப் பார்த்தா ஷட்டரை இழுத்து விடறாங்க. கூடப் பிறந்தவர் சுவருக்கு அந்தாண்டை. வாய்விட்டுப் பேசுறதுக்கு நானும் அந்த முகம் தெரியாதவங்களும்தான். அதையும் அறுத்துட்டு என்ன பண்ணப் போறீங்க, மரத்துகிட்ட பேசப் போறீங்களா?

— அண்ணன் அன்னிக்குச் சொன்னது சரியாப் போச்சு. 'உன் கை பட்ட மரம் விறகுதான்'னார்.

— ஏழு வருஷம் ஆச்சுங்க. இன்னுமா அதை மென்னுக்கிட்டிருக்கீங்க?

— உனக்கு என்ன? விழுந்தது என் ஸ்டூல்லேர்ந்து. முதல் முதலா செஞ்ச ஸ்டூல். அண்ணனோட ஆபீஸ் மேனேஜர் வந்தார், உக்காந்தார், ஒரு கால் கழண்டுக்கிச்சு. மனுஷன் டீ டம்ளரோட தரையில. அத்தனை பேர் முன்னாடி அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னார். 'அப்ப நடுவுல சுவரை வெச்சுக்கலாம்'னு நான் கோவத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரே மாசத்துல செங்கல் இறக்கிட்டார்.

— அதுக்கப்புறம் நீங்க ஸ்டூல் பக்கமே போகல. அலமாரி, பெட்டி, மேசை எல்லாம் செஞ்சீங்க. இன்னிக்கு மட்டும் என்ன புதுசா?

— மரங்கொத்தின்னு ஒருத்தர் குழுவுல இருக்கார். நான் எதைப் போட்டாலும் முதல் ஆளா 'அருமை'ன்னு போடுவார். அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுத மாட்டார். போன வாரம் அவரே, 'தராசு, நீங்க ஒரு ஸ்டூல் செஞ்சு நான் பார்க்கணும்'னு எழுதினார். மனசு கேக்கல. அதான் இதைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ கடைசி வரியை எழுது.

— எழுத மாட்டேன். மன்னிப்போட அனுப்பிட்டேன். போயாச்சு.

— ஏய்.

— அசையாதீங்க. பசை.

— உன்னை வெச்சுக்கிட்டு. என்ன சொல்றாங்க?

— பொறுங்க, வருது. கணக்கு டீச்சர்: 'அப்பாடா, நான் தூங்கல.' லாரிக்காரர்: 'பூனை உங்களை மன்னிச்சிருச்சு.' டாக்டர், பாவம்: 'நான் காலை அறுக்கப் போறதில்ல அண்ணே. பேனா மடியில விழும்போதெல்லாம் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்.' பார்த்தீங்களா, எனக்குத் தோணினதே அவருக்கும் தோணியிருக்கு.

— மரங்கொத்தி?

— அவரும் போட்டிருக்கார். 'என் வீட்டுல நேரா நிக்குது. முதல் நாள்லேர்ந்து. எதையும் சொருகல.'

— சும்மா ஆறுதலுக்குச் சொல்றார்.

— இல்லங்க, படம் போட்டிருக்கார். மேசை மேல ரசமட்டம். குமிழி நட்ட நடுவுல நிக்குது.

— நடக்காதும்மா. அந்த மேசை நேரா நிக்கணும்னா, தரை இதே அளவு, இதே மாதிரி இறங்கியிருக்கணும். அப்படி ஒரு தரை உலகத்துல இன்னொண்ணு... படத்துல வேற என்ன இருக்கு?

— பின்னாடி செங்கல் சுவர். பூசவே இல்ல. மேசை மேல ஒரு கோலி. உள்ள பச்சையா ஒரு நெளிவு ஓடுது.

— பச்சையா?

— ஆமாங்க. ஏன், நீங்க உருட்டின கோலியா?

— நம்ம பக்கத்துச் சுவரை நாம பூசினோம். அந்தப் பக்கம் ஏழு வருஷமா பூசாமலேயா விட்டு வெச்சிருக்கார்?

— எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததுங்க. மொட்டை மாடியில உங்க அண்ணி துணி காயப்போடும்போது பார்ப்பேன். உங்க அண்ணன் சட்டை நிறைய மரத்தூள். கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. கூப்பிடுங்க. அரைச் செங்கல் சுவர்தானே.

— அண்ணே.

— இன்னும் கொஞ்சம் சத்தமா.

— அண்ணே. மரங்கொத்தி.

— கத்தாதடா. கேக்குது. ஏழு வருஷமா எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

— நீங்களா அண்ணே?

— இங்க சுவரோரம்தான் மேடு. சுவருக்கு முதுகைக் காட்டி உக்காந்தாத்தான் உன் மேசை நேரா நிக்குது. ரெண்டு வருஷமா அப்படித்தான் உக்கார்றேன். பசை பிடிச்சுதா?

— இன்னும் பத்து நிமிஷம் ஆகும். கையை எடுக்க முடியல. இல்லன்னா இந்நேரம் நான் அங்க வந்திருப்பேன்.

— நீ எதுக்கு வர்றே? கோலி என்னிக்குத் தானா மேட்டுல ஏறியிருக்கு? நான்தான் எடுத்துட்டு வரணும். வர்றேன். அந்த ஸ்டூல்ல முதல்ல நான்தான் உக்காருவேன், சொல்லிட்டேன்.

— வேண்டாம்ண்ணே. எனக்குப் பயமா இருக்கு. இதுவும் உடைஞ்சு கிடைஞ்சு வெச்சா?

— உடையாதுடா. அன்னிக்கும் அது உடைஞ்சிருக்காது.

— என்ன சொல்றீங்க?

— ரெண்டு சென்டிக்காக நீ நூத்தி நாப்பத்தி மூணு பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் ஒருத்தன்கிட்ட கேக்கவே ஏழு வருஷம் ஆயிடுச்சு. மேனேஜர் வர்றதுக்கு முந்தின நாள் நீ வெளியே போயிருந்தே. ஸ்டூல் இந்தத் தரையில லேசா ஆடுச்சு. ஒரு காலைத் தட்டிக் கழட்டி, அடியில கொஞ்சம் அறுத்துட்டு, மறுபடியும் சொருகி வெச்சேன். பசை போடணும்னு அப்ப எனக்குத் தெரியாதுடா.