பாட்டில் சாரின் மழைச் செய்தி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பொருளாளர் அவர்களே, உரக் கிடங்கு மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியார் டீச்சரம்மா அவர்களே, அவர்களுடைய அன்பு மகளே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். சங்கத் தலைவர் என்ற முறையில் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் மாலை போட்டு மாட்டியிருக்கும் அவருடைய படத்தைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை. அதனால் உங்களைப் பார்த்தே பேசுகிறேன்.

யார் இந்த மனிதர்? நீர்ப் பரிசோதனை அலுவலர். அது அரசாங்கம் கொடுத்த பெயர். நாம் வைத்த பெயர் பாட்டில் சார்! கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஓடையின் ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார். "என்ன சார், வீட்டுல குழாய் வரலையா?" என்று வரப்பில் நின்று கிண்டல் செய்வோம். அவரும் நம்மோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பாட்டிலைத் திறப்பார்.

ஏரி பச்சையாகி மீன்கள் செத்து மிதந்த வருடம், இதே மண்டபத்தில் வந்து நின்றார். "நாம போடற உரம்தாங்க மழையில கழுவிட்டுப் போய் ஏரியில சேருது" என்றார். நம் பொருளாளர் எழுந்தார். "யார் வயல்ல இருந்து வருதுன்னு காட்டுங்க சார். இப்பவே நிறுத்தச் சொல்றேன்." அவர் சொன்னார்: "காட்ட முடியாதுங்க. ஒரே குழாய்ல வந்து விழுந்தா காட்டலாம். இது எல்லார் வயல்ல இருந்தும் கொஞ்சம் கொஞ்சமா வருது." உடனே நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம்! காட்ட முடியவில்லையாம், நாம் ஜெயித்துவிட்டோமாம்! எல்லோர் மேலும் தப்பு என்றால் யார் மேலும் தப்பில்லை என்று வசதியாக எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அதோ கடைசி வரிசையில் நம் டிராக்டர் மெக்கானிக் நிற்கிறார். ஒரு பிடி நிலம் இல்லாதவர். அவருடைய கைக்குழந்தைக்கு ஒரு நாள் உதடெல்லாம் நீலம் பாரித்தது. பாட்டில் சார்தான் ஆபீஸ் ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். "கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தானே சார் பால் பவுடர் கலக்குறேன்" என்று தாய் அழுதாள். "கொதிக்க வெச்சா கிருமி சாகும்மா, தண்ணியில கலந்த உரம் போகாது. அதுதான் குழந்தையை நீலமாக்குது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்" என்றார். குழந்தை பிழைத்தது. அந்தக் கிணற்றில் இறங்கியது யார் போட்ட உரம்? நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேனா? குழந்தை தவழத் தொடங்கும்வரை நல்ல தண்ணீர் கேன் கொண்டுபோய் இறக்கியவர் அவர் ஒருவர்தான்.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். கனமழை வரும் என்று தெரிந்தால் அவர் சங்கத்துக்குப் போன் செய்வார். "இன்னிக்கு உரம் போடாதீங்க. அத்தனையும் ஓடைக்குப் போயிடும். மழை விட்டதும் போடுங்க" என்பார். நாம் அதில் எதைக் காதில் வாங்கினோம்? மழை வருகிறது என்பதை மட்டும்! 'மழைக்கு முன்னால் தூவினால் தானாகக் கரைந்து இறங்கும், வேலை மிச்சம்' என்பது நம் பழக்கமாயிற்றே! ரேடியோ பொய் சொல்லும், பாட்டில் சார் சொன்னால் தப்பாது. "சார் போன் பண்ணிட்டாரு, மூட்டையைப் பிரி!" என்று ஊர் முழுக்க ஆள் விட்டோம். ஐயோ, அந்த நல்ல மனிதரின் எச்சரிக்கையையே நாம் உரம் போடும் மணியாக்கினோமே!

இதை அவரிடமே பொருளாளர் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான் வாயை மூடிட்டிருந்தா போட மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மழைக்கும் போன் வந்தது. "எனக்குச் சொல்லாம இருக்க முடியலைங்க. யாராவது ஒருத்தர் கேட்டுட்டாப் போதும். போடாதீங்க" என்றார். அந்த ஒருத்தராக இந்த மண்டபத்தில் யாராவது இருந்தோமா?

நேற்று டீச்சரம்மாவை இந்தக் கூட்டத்துக்கு அழைக்கப் போனேன். அவர் கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: "வர்றேங்க. ஆனா சீக்கிரம் முடிச்சிடுங்க. நாளைக்குப் பெரிய மழையாம். வர்றவங்களுக்கு வேலை இருக்கும்ல." எனக்குச் சுருக்கென்றது. அம்மா ஏதோ மனவேதனையில் பேசுகிறார் என்று சமாதானம் செய்துகொண்டு வந்தேன். இன்று இந்த மண்டபத்துக்கு வந்து இறங்கிப் பார்க்கிறேன், வாசலில் வரிசையாக டிராக்டர்கள்! ஒவ்வொன்றிலும் யூரியா மூட்டை! மௌன அஞ்சலி முடிந்ததும் நேரே வயலுக்குப் போவதாக ஏற்பாடு! முதலில் நிற்கும் சிவப்பு டிரெய்லர் யாருடையது என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். அது என்னுடையது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி வாசிக்கச் சொல்லி இந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதை வாசிக்கும் யோக்கியதை நமக்கு இப்போது இல்லை. மேலாளர் அவர்களே, கிடங்கைத் திறந்துவிடுங்கள். மழை விடும்வரை மூட்டைகள் அங்கே இருக்கட்டும். மெக்கானிக் தம்பி, உன்னிடம் உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ உட்கார். டீச்சரம்மா, தயவுசெய்து கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மௌன அஞ்சலிக்கு இப்போது யாரும் எழுந்து நிற்க வேண்டாம். வெளியே போய், மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து நிற்போம். நான் முதலில் போகிறேன். யார் யார் திரும்பி வருகிறோம் என்று அம்மா பார்க்கட்டும்.